குயவர் தெருவுக்கு அடியில் ஓர் அரண்மனை

மருதங்காட்டு நாட்டில் அப்போது செய்தித்தாள் கிடையாது. முரசுதான். எவன் ஓங்கி அடிக்கிறானோ அவன் சொல்வதே உண்மை. அன்று காலை முரசு இப்படி முழங்கியது:

"குயவர் தெருவுக்கு அடியில் நம் மன்னரின் மூதாதையர் அரண்மனை! வயது ஐயாயிரம் ஆண்டு! வித்யாபீடத்தின் ஆராய்ச்சி முடிவு! தெருவார் நாளைக்குள் காலி செய்க!"

போன வாரம்தான் அதன் வயது இரண்டாயிரமாக இருந்தது. பக்கத்து நாட்டு ராஜா தன் ஊருக்கு நாலாயிரம் என்று முரசறைந்தார். உடனே நம்முடையது ஐயாயிரம் ஆகிவிட்டது. ஆராய்ச்சி என்றால் அவ்வளவு வேகம்! அந்த இடத்தில் வசந்த மண்டபம் கட்ட மந்திரி பிரம்மராயர் நெடுநாளாக நாக்கைத் தொங்கப்போட்டுக்கொண்டிருந்தது ஊருக்கே தெரியும். முரசுக்கு மட்டும் தெரியாது.

குயத்தி அங்காயி, அரசவை விகடன் உத்தண்டனிடம் ஓடி வந்தாள்.

"சாமி, சூளையில பானை வேகுது. புள்ளகுட்டியோட நாங்க எங்க போவோம்?"

"அழாதே அங்காயி. நீ நேற்றுச் செய்த சட்டி ஒன்றை எடுத்துக்கொண்டு சபைக்கு வா" என்றான் உத்தண்டன்.

சபையில் வித்யாபீடத்துப் பேராசான் அறிவரசர், குயவர் தெருவில் தோண்டி எடுத்த ஓர் உடைந்த சட்டியைத் தூக்கிக் காட்டிக்கொண்டிருந்தார். "மன்னா! தங்கள் மூதாதையர் உணவருந்திய சட்டி! கழுத்தில் மூன்று கீறல் பாருங்கள். அதுதான் அரச முத்திரை!"

மன்னர் பூபாலகேசரிக்குப் பூரிப்புத் தாங்கவில்லை.

உத்தண்டன் எழுந்தான். "பேராசானே, இந்த முத்திரையை வேறு யாராவது போட்டிருக்கலாமா?"

"அரச ரத்தம் தவிர ஒருவரும் போட முடியாது!"

"இடையில் அங்கே வேறு ஆட்கள் வந்து குடியேறினார்களோ?"

"இல்லவே இல்லை! ஐயாயிரம் ஆண்டாக அறுபடாத ஒரே குடி! ஆராய்ச்சியின் சிறப்பே அதுதான்!"

உத்தண்டன் அங்காயியை அழைத்தான். அவள் கையிலிருந்த புதுச் சட்டியின் கழுத்திலும் அதே மூன்று கீறல்.

மந்திரி துள்ளி எழுந்தார். "அரச முத்திரையைத் திருடிவிட்டாள்! இவள் கையை வெட்டுங்கள்!"

அங்காயி சட்டியோடு உத்தண்டன் முதுகுக்குப் பின்னால் ஒளிந்தாள்.

"மெதுவாகப் பேசுங்கள், மந்திரியாரே. மகாராணியின் கை அது" என்றான் உத்தண்டன். "முத்திரை அரச ரத்தத்துக்கு மட்டும்தான் சொந்தம். குடியோ மாறவே இல்லை. அப்படியானால் இவள்தானே உண்மையான வாரிசு? மன்னா, மன்னிக்க வேண்டும். கொஞ்சம் எழுந்திருக்கிறீர்களா? அம்மா உட்காரட்டும்."

மன்னர் சிம்மாசனத்தின் கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டார். "பேராசானே! சட்டி பழசா, புதுசா?"

பேராசான் மந்திரியைப் பார்த்தார். மந்திரி கூரையைப் பார்த்தார்.

"பு... புதுசுதான் மன்னா. போன மாதம் உடைந்தது."

மன்னர் விழுந்து விழுந்து சிரித்தார். குயவர் தெருவை யாரும் தொடக்கூடாது என்று அங்கேயே ஆணையிட்டார். "உத்தண்டா, என்ன பரிசு வேண்டும்? கேள்!"

"எனக்கு ஒன்றும் வேண்டாம் மன்னா. கடப்பாரை எடுத்த கை சும்மா இருக்க வேண்டாமே! மந்திரியாரின் மாளிகைக்கு அடியிலும் கொஞ்சம் தோண்டச் சொல்லுங்கள். அங்கே கிடைப்பதற்கு வயது சொல்ல வித்யாபீடம்கூட வேண்டாம். எல்லாம் தங்கள் ஆட்சியில் புதைத்ததுதான்."