கிலோவுக்கு எவ்வளவு சூடு

பத்து மணி பஸ்ஸுக்கு இன்னும் கால் மணி நேரம் இருந்தது. அருமைநாதன் மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு குருவின் முன்னால் வந்து நின்றார். வயது அறுபத்திரண்டு. இருபது வருஷம் ஓர் எண்ணெய்க் கம்பெனியின் சோதனைக்கூடத்தில் வேலை பார்த்தவர். அப்புறம் பதினோரு வருஷமாக இந்த மடம். தேடி வந்தது ஞானம். கைக்கு வந்தது, தினமும் வாசலில் வந்து நிற்கிறவர்களுக்குக் கஞ்சி ஊற்றும் கரண்டி.

குரு அவரைவிடப் பத்து வயது சின்னவர். பித்தவெடிப்புக் காலை வெந்நீர்ச் சட்டியில் ஊறப்போட்டுக் கண்ணை மூடியிருந்தார். கிளம்புகிற அவசரத்திலும் அந்த வெந்நீரை வைத்துக் கொடுத்தது அருமைநாதன்தான்.

"போயிட்டு வரேன் சாமி."

"அப்படியா." கண் திறக்கவில்லை.

"பதினோரு வருஷம் எரிஞ்சாச்சு. உள்ளே ஒரு கதகதப்புகூடக் காணோம். அலுத்துப்போச்சு."

"எனக்கும்தான் அலுப்பு. நான் யார்கிட்டப் போய்ச் சொல்ல?" குரு கொட்டாவி விட்டார். "பஸ் வர்ற வரைக்கும் ஒண்ணு சொல்லும். ஓர் எண்ணெயிலே எவ்வளவு சூடு இருக்குன்னு எப்படிக் கண்டுபிடிப்பீர்?"

பழைய உத்தியோகத்தைப் பற்றி யாராவது கேட்டால் போதும், அருமைநாதனின் மூட்டை தானாகக் கீழே இறங்கிவிடும். இறங்கிற்று.

"எரிக்காமலே ஒரு மதிப்புப் போடலாம் சாமி. அடர்த்தியைப் பார்க்கணும். லேசான எண்ணெய்னா கிலோவுக்குச் சூடு கூட. கனமானதுன்னா குறைவு."

"உம்ம தொப்பையைப் பார்த்தா மதிப்பு குறைவாத்தான் தெரியுது."

அருமைநாதனுக்குச் சிரிக்கவும் தெம்பில்லை.

"அது குத்துமதிப்பு. சரியாத் தெரியணும்னா எரிச்சுத்தான் ஆகணும். ஒரு கிராம் எண்ணெயை ஆக்சிஜனோட இரும்புக் குடுவையிலே அடைச்சு, குடுவையைத் தண்ணிக்குள்ளே இறக்கி, கொளுத்துவோம்."

"கொளுத்தி?"

"தெர்மாமீட்டரைப் பார்ப்போம்."

"அது எண்ணெய்க்குள்ளே இருக்குமோ?"

"எண்ணெய் ஏது சாமி? அதுதான் எரிஞ்சுபோச்சே. தெர்மாமீட்டர் சுத்தியிருக்கிற தண்ணியிலே..."

நிறுத்திவிட்டார்.

வாசலில் கஞ்சிக்கு வந்தவர்கள் தட்டைத் தட்ட ஆரம்பித்திருந்தார்கள். சாலைத் திருப்பத்தில் ஹாரன் கேட்டது. பஸ் நின்றது. கொஞ்ச நேரம் உறுமிவிட்டுப் போயிற்று.

குரு சட்டிக்குள் கால்விரலை அசைத்துப் பார்த்தார்.

"தண்ணி ஆறுது ஓய். இன்னும் ஒரு செம்பு ஊத்தும்."