ரெண்டு விடைச் செங்கல்

தெய்வசிகாமணி முப்பத்திரண்டு வருஷம் கணக்கு வாத்தியார். ஓய்வு பெற்ற கையோடு வீட்டுக்கு மாடி எடுத்தார். அங்கேதான் அவருக்கு ஒரு குரு வாய்த்தாள்.

பெயர் அஞ்சலம். கீழே நின்று செங்கல் எறிவாள். மேலே சாரத்தில் நின்று அவள் புருஷன் துரைக்கண்ணு பிடிப்பான்.

ஒரு நாள் அவள் வலது கையை ஆணி கிழித்திருந்தது, கட்டுப் போட்டிருந்தாள். கலவை இறுகுது, கல்லு எங்கே என்று மேலேயிருந்து கொத்தனார் கத்தினார்.

"இடது கையால போட்டுடறேன் சார்."

"நான் எதுக்கு இருக்கேன்? எறிபொருள் கணக்கு நடத்தாத வருஷமே இல்ல."

கரித்துண்டை எடுத்துச் சுவரில் எழுதினார். கீழ்க் கைக்கும் மேல் கைக்கும் நடுவே 3.2 மீட்டர். வேகம் நொடிக்குப் பத்து மீட்டர் என்று வைத்துக்கொண்டார், யாரைக் கேட்டு வைத்தாரோ. இருபடிச் சமன்பாடு ரெண்டு விடை கொடுத்தது.

"பாரு அஞ்சலம். கல்லு அவன் கைக்கு ரெண்டு தடவை வரும். ஏறுறப்ப 0.4 நொடியில. இறங்குறப்ப 1.6 நொடியில."

"அந்தாளு எதைப் பிடிக்கணும் சார்?"

"எது வசதியோ அது."

எறிந்தார். கல் துரைக்கண்ணுவின் மூக்கை உரசாத குறையாக மேலே பாய்ந்தது. அவன் அண்ணாந்து பார்த்து, "அய்யோ!" என்று சாரக் கம்பைக் கட்டிக்கொண்டான். திரும்பி வந்த கல் அவன் காதோரமாக இறங்கித் தண்ணீர் டிரம்மைப் பிளந்தது.

"ரெண்டு விடையும் சரி!" என்று வாத்தியார் குதித்தார்.

"அஞ்சலம், இன்னொரு கல்லு அவரு எறிஞ்சா நான் இறங்கிடுவேன்!"

அஞ்சலம் இடது கையில் ஒரு செங்கல்லை எடுத்தாள். புருஷன் கையைப் பார்த்து எறிந்தாள். ஏறிய கல் வேகம் குறைந்து குறைந்து, சரியாக அவன் கைக்கிட்டே வந்து நின்றது. பரணிலிருந்து டப்பா எடுப்பது போல எடுத்துக்கொண்டான்.

"நின்னுச்சே!"

வாத்தியார் சுவருக்கு ஓடினார். அங்கே கல் நிற்க வேண்டுமென்றால் வேகம் எட்டுதான் என்று கண்டுபிடித்தார். மறுபடி சமன்பாட்டைப் போட்டார். 0.8 நொடி. மற்ற விடை? அதுவும் 0.8. கரித்துண்டு கையிலிருந்து விழுந்தது. அவருக்கு வெட்கமாக இருந்தது.

"ஒரே விடைம்மா. ரெண்டு வராத வேகம் உனக்கு எப்படித் தெரிஞ்சுது?"

அஞ்சலம் அடுத்த செங்கல்லை எடுத்தாள்.

"எனக்கு இருக்கறது ஒரே புருஷன் சார்."