எட்டாவது தடவை கழற்றிய கதவு

"எட்டாவது தடவை இந்தக் கதவைக் கழற்றச் சொல்றீங்க மீரான் பாய். இது நியாயமுங்களா?"

கேட்டவர் குழந்தைவேலு. வயது அறுபத்தொன்று. கோயமுத்தூரில் பம்பு கம்பெனி ஒன்றில் முப்பது வருஷம் டிசைன் என்ஜினீயர். நூலளவு பிசகினாலும் வரைபடத்தை முகத்தில் விட்டெறிந்த மனுஷன்.

மீரானுக்கு முப்பத்தாறு. உக்கடத்தில் டிங்கர் பட்டறை வைத்திருக்கிறார். நசுங்கிய கார்களை நேராக்குவது தொழில்.

இதில் சிஷ்யர் பெரியவர், குரு சின்னவர். ஆறு மாதத்துக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு வந்து நின்றது குழந்தைவேலுதான். என் வண்டியை என் கையாலேயே சரிபண்ண வேண்டும், சொல்லிக்கொடுங்கள் என்றார். வெற்றிலை பாக்கு வைத்து யாரும் அவரை அழைக்கவில்லை.

மீரான் ஸ்பேனரை நீட்டினார்.

குழந்தைவேலு வாங்கிக்கொண்டார். பல்லைக் கடித்துக்கொண்டு கழற்றினார்.

வண்டி, கூரையில்லாத சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார். இரண்டு பேர் உட்காரலாம். மூன்றாவதாக ஒரு தேங்காய் வைக்கக்கூட இடம் கிடையாது. அவர் மனைவி கனகமணிக்கு அவள் அப்பா ஆசையாக வாங்கிக் கொடுத்தது. கல்யாணத்துக்கு முன்பே அதை ஊட்டி மலையில் ஏற்றி இறக்கியவள் அவள்.

இருபத்தாறு வருஷத்துக்கு முன்னால் ஆனைகட்டி ரோட்டில் வண்டி அடிபட்டது. இடது முன்பக்கம் நசுங்கியது. கனகமணிக்கு இடது கை ஒடிந்தது. அன்றோடு வண்டி கொட்டகைக்குப் போனது. அதற்குப் பிறகு அவள் எந்த வண்டியின் ஸ்டீயரிங்கையும் தொடவில்லை.

அடுத்த மாதம் அவள் பிறந்தநாள். அன்றைக்கு அவள் இதை ஓட்ட வேண்டும். ஓட்டிவிட்டால் எல்லாம் சரியாகிப்போகும் என்று குழந்தைவேலு நம்பிக்கொண்டிருந்தார்.

ஆனால் மட்கார்டு உட்கார மாட்டேன் என்றது.

முன் சக்கரத்தை மூடுகிற அந்தத் தகடு இங்கிலாந்திலிருந்து மரப்பெட்டியில் வந்தது. புத்தம் புதுசு. பொருத்தினால் மேலே கதவோடு உரசும். கீழே கட்டைவிரல் நுழையும். கதவைச் சாத்த முடியாது.

அனுப்பிய கம்பெனிக்குக் காரசாரமாக நாலு கடிதம் போட்டார். வெள்ளைக்காரன் கோணல் தகட்டை நம் தலையில் கட்டிவிட்டான் என்று பட்டறை அதிரக் கத்தினார்.

மீரான் தகட்டைத் துணியால் துடைத்தார். ஓரத்தில் விரலை ஓட்டிப் பார்த்தார். தகடு நேராகத்தான் இருக்கிறது என்றார்.

"அப்போ நான் கோணலுங்களா?"

"வண்டியச் சொன்னேன் சார்."

மேலே கொஞ்சம் கிரைண்டரைப் போட்டுத் தேய்த்துவிடலாம், கீழே பட்டிப் பசை வைத்து மெழுகிவிடலாம், பெயிண்ட் அடித்தால் எவனுக்குத் தெரியப்போகிறது என்று குழந்தைவேலு சொல்லிப் பார்த்தார். முப்பது வருஷம் அடுத்தவன் வரைபடத்தைக் கிழித்தவர் பேசுகிற பேச்சா இது?

மீரான் கிரைண்டரின் ஒயரைப் பிடுங்கிச் சுருட்டி ஆணியில் மாட்டினார்.

பிறகு எப்போதும் கேட்கிற கேள்வியைக் கேட்டார்.

"அடி எப்படிப் பட்டுது சார்?"

மீரானின் வேலை முறை அப்படி. வளைந்த வண்டியைக் கண்டபடி இழுக்கக் கூடாது. அடி வந்த வழியிலேயே திரும்பப் போக வேண்டும். கடைசியாகப் பட்டதை முதலில் எடுக்க வேண்டும், முதலில் பட்டதைக் கடைசியில். அதற்கு அடியின் கதை தெரிய வேண்டும்.

குழந்தைவேலுவும் எப்போதும் சொல்கிற பதிலைச் சொன்னார். வீட்டுக்காரிதான் ஓட்டினாள். ஆடு ஒன்று குறுக்கே வந்தது. மெதுவாகத்தான் போனாள், ஒடித்துத் திருப்பியதில் புளியமரத்தில் மோதிவிட்டாள். அவ்வளவுதான்.

மீரான் அதன்படியே வண்டியின் மூக்கில் கொக்கியை மாட்டி, சங்கிலியால் முன்பக்கமாக இழுத்தார். மட்கார்டை வைத்தார்கள். மேலே உரசியது, கீழே கட்டைவிரல் நுழைந்தது.

இதோடு எட்டு.

இதை மறைத்துக் கதை சொன்னால் எனக்குச் சோறு செரிக்காது, சொல்லிவிடுகிறேன். அன்றைக்கு ஓட்டியது கனகமணி இல்லை. குழந்தைவேலு. ஆடும் வரவில்லை, மாடும் வரவில்லை. நான் ஓட்டுகிற அழகைப் பார் என்று கண்மண் தெரியாமல் விட்டார்.

ஆஸ்பத்திரிக்கு மாமனார் ஓடி வந்து யார் ஓட்டியது என்று கேட்டபோது, "கனகுதானுங்க மாமா" என்றார். கட்டிலில் மாவுக்கட்டோடு கிடந்த பெண் புருஷனையே பார்த்தாள். ஒன்றும் பேசவில்லை. பொம்பளை கையில் வண்டியைக் கொடுத்தது என் தப்பு என்று அப்பா அன்றைக்கே சாவியை வாங்கிக்கொண்டார். சாகிறவரைக்கும் அவர் அதை நம்பினார். பாவி மனுஷன் குழந்தைவேலு, ஒரு தடவையாவது வாயைத் திறந்திருக்கலாம்.

மீரான் கொக்கியைக் கழற்றிக் கீழே போட்டார்.

"நாளைக்கு அம்மாவக் கூட்டிட்டு வாங்க சார். ஓட்டினவங்களே சொல்லட்டும்."

குழந்தைவேலு துள்ளினார். அவளுக்கு என்ன தெரியும், அவள் எதற்கு, இது பிறந்தநாளுக்கு வைத்திருக்கிற ரகசியம், நீங்கள் தொழில் தெரியாமல் என்னை ஆறு மாதமாக இழுத்தடிக்கிறீர்கள் என்று என்னென்னவோ பேசினார்.

மீரான் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். பட்டறையின் ஷட்டரை இறக்கினார். அம்மா வராமல் இனி ஒரு ஸ்க்ரூவும் கழற்ற வேண்டாம் என்று சொல்லிவிட்டு நடந்தார்.

அன்று வீட்டில் குழந்தைவேலு மனைவியிடம் விஷயத்தைச் சொன்னார். கூடவே, அந்த ஆள் ஏதாவது கேட்பார், எப்போதும் சொல்கிறபடி சொல்லிவிடு என்றும் சொன்னார். என்ன நெஞ்சழுத்தம்! கனகமணி கேட்டுக்கொண்டே பீன்ஸ் நறுக்கினாள்.

மறுநாள் காலையில் வந்தாள். இருபத்தாறு வருஷம் கழித்துத் தன் வண்டியைப் பார்த்தாள். இடது பக்கம் கதவில்லாமல் நின்றது. அதைத் தொடாமல் சுற்றி வந்தாள்.

"அம்மா, அன்னிக்கு அடி எப்படிப் பட்டுதுங்க?" என்று மீரான் கேட்டார்.

அவள் புருஷனைப் பார்த்தாள். ஆஸ்பத்திரிக் கட்டிலிலிருந்து பார்த்த அதே பார்வை.

"ஓட்டினவரக் கேளுங்க" என்றாள்.



குழந்தைவேலு கையிலிருந்த ஸ்பேனரைப் பார்த்தார். மட்கார்டைப் பார்த்தார்.

"நான்தானுங்க ஓட்டினேன். முதல்ல மரமில்ல. பாலத்துச் சுவரு. சக்கரத்துக்குப் பின்னால, கீழ. அப்புறம் சுத்திப் போய்த்தான் மரத்துல."

மீரான் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. கொக்கியை எடுத்தார். மூக்கை விட்டுவிட்டுக் கதவுத் தூணின் அடியில் மாட்டினார். சங்கிலியை இழுத்தார். இரும்பு ஒரு தடவை முனகியது.

கதவை மாட்டினார்கள். மட்கார்டை வைத்தார்கள். மேலேயும் கீழேயும் ஒரே இடைவெளி. கதவு ஒரே தள்ளலில் சாத்திக்கொண்டது.

குழந்தைவேலு அதையே பார்த்துக்கொண்டு நின்றார். அப்புறம் அவருக்குப் பழையபடி கோபம் வந்தது. "முதல்லயே உங்களுக்குத் தெரியும். தெரிஞ்சுக்கிட்டே எட்டு தடவை கழற்ற வெச்சீங்க."

மீரான் ஓட்டுநர் சீட்டைக் கையால் தள்ளிக் காட்டினார். அது அசையவில்லை. நகரும் தடத்தின் கடைசிப் பள்ளம் வரைக்கும் பின்னால் போய், அங்கேயே துருப்பிடித்து நின்றிருந்தது. கனகமணி புருஷனின் தோளுக்குத்தான் வருவாள்.

"உங்க கால் நீளத்துக்கு நிக்குது சீட்டு. ஓட்டினது யாருன்னு மொத நாளே தெரியும் சார். பாலத்துச் சுவரு எனக்கெப்படித் தெரியும்?"

கனகமணி புருஷன் பக்கம் திரும்பி மறுபடி வாயைத் திறந்தாள். குரலில் அழுகை இல்லை, ஆத்திரம்.

"இத இவருகிட்டச் சொல்லி என்னாகுதுங்க? எங்கப்பா போய்ப் பன்னெண்டு வருஷமாச்சு."



அவள் வலது பக்கம் வந்தாள். கதவைத் திறந்து ஓட்டுநர் சீட்டில் உட்கார்ந்தாள். ஸ்டீயரிங்கைப் பிடித்தாள். காலை நீட்டினாள். பெடல் எட்டவில்லை.

"இந்த சீட்ட முன்னால தள்ளிக் குடுங்க" என்றாள்.

அறுபத்தொரு வயதுக்காரர் சிமெண்ட் தரையில் முழங்காலை ஊன்றிக் குனிந்தார். துரு ஏறிய போல்ட்டுக்கு எண்ணெய் விட்டார். ஸ்பேனரைப் போட்டு மூச்சைப் பிடித்துத் திருகினார். கை வழுக்கி விரல்முட்டி சிராய்த்தது. மீரான் உதவிக்கு வரவில்லை.

"வரமாட்டேங்குது கனகு."

அவள் இறங்கவில்லை.

"வரும். இன்னொருக்காப் போடுங்க."