சென்னியப்பன் அழிக்காத பதிவு

கதையின் முடிவில் ஒரு கேள்வி கேட்பேன். பதில் உடனே தெரிந்துவிட்டது என்பவர்கள் கொஞ்சம் பொறுங்கள். எனக்கும் முதலில் அப்படித்தான் இருந்தது.

கோவையில் சென்னியப்பன் என்பவர் பழைய கார் எஞ்சின் கம்ப்யூட்டர்களும் வயர்களும் விற்கிறார். கம்பெனி கொடுத்ததைக் கழற்றிவிட்டுப் பந்தயக்காரர்கள் தனியாக வாங்கிப் பொருத்துகிற சாமான்கள். கார் ஓடியதையெல்லாம் அந்தக் கம்ப்யூட்டர் பெட்டி தனக்குள் பதிந்து வைத்துக்கொள்ளும். அந்தப் பதிவை அழிக்காமல் விற்பதில்லை என்பது அவர் கடை வழக்கம்.

பூங்கொடி ஒரு பெட்டியும் வயர்க்கட்டும் விற்கக் கொண்டுவந்தாள். பந்தயத்தில் அவள் கணவன் தமிழரசு சுவரில் மோதிச் செத்த காரில் இருந்தவை. வளைவில் வீம்புக்கு ஆக்சிலரேட்டரை மிதித்தான் என்று ஊரே பேசியது. அவளும் அப்படித்தான் சொல்லி வந்தாள். கல்யாணத்துக்கு முன் வயரிங் கம்பெனியில் வேலை பார்த்தவள். அந்தக் காருக்கு வயர் கட்டியதே அவள்தான்.

"யாரும் படிக்காம அழிச்சுப்போடுங்கண்ணா."

"சரி அம்மிணி" என்று வாக்குக் கொடுத்தார்.

மறுநாள் மத்தியானம் லேப்டாப்பை இணைத்ததுமே கடைசி ஓட்டம் கோடுகளாகத் தானாகத் திரையில் விரிந்துவிட்டது. வளைவுக்கு வெகு முன்பே தமிழரசு மிதியிலிருந்து காலை எடுத்திருந்தான். எஞ்சினோ முழு வேகத்தில் போய்க்கொண்டே இருந்தது. நாலு விநாடி. அதற்கப்புறம் கோடே இல்லை. வயர்க்கட்டைப் பிரித்தார், ஒரு மடிப்பில் இரண்டு வயர்கள் உரசி, உருகி ஒட்டியிருந்தன. அதனால்தான் காலை எடுத்தும் எஞ்சின் அடங்கவில்லை. இந்தக் கட்டு இன்னொருவர் காருக்குப் போகக்கூடாதென்று துண்டு துண்டாக நறுக்கிப் போட்டார். பெட்டியை அழிக்க மட்டும் கை வரவில்லை. அதை அணைத்து வைத்தபிறகும் அந்த நாலு விநாடிச் சத்தம் கடைக்குள் அவருக்குக் கேட்டுக்கொண்டே இருந்தது. தனியாக உட்காரவே பயந்தார்.

பத்தாம் நாள் பூங்கொடி வந்தாள். அழித்தாயிற்றா என்று கேட்கவில்லை. வாசலிலேயே நின்று, "கடைசீல அவரு கால எடுத்தாருங்களாண்ணா?" என்றாள்.

எடுத்தார் என்றால் செத்தவன் மேலுள்ள பழி நீங்கும்; நீங்கி, வயர் கட்டிய அவள் கைக்கு வரும். தெரியாது என்றால் அவனைத் திட்டிக்கொண்டே அவள் வாழ்ந்துவிடலாம். கொடுத்த வாக்கும் மீறாதது மாதிரி இருக்கும்.

நீங்கள் சென்னியப்பனாக இருந்தால் என்ன சொல்வீர்கள்?

அவர், "எடுத்தாரு அம்மிணி" என்றார். அதுதான் சரி என்பேன். வயர் கட்டத் தெரிந்தவளுக்கு அந்தப் பதிலின் அர்த்தம் அவரைவிட நன்றாகத் தெரியும். தெரிந்தே கேட்கிறவளிடம் மறைக்க யாருக்கும் உரிமை இல்லை. அவள் கத்துவாள் என்று பயந்திருந்தார். அவள் படியில் உட்கார்ந்து வெகுநேரம் அழுதாள். பிறகு, "அப்ப வீட்டுக்கு வரத்தான் பாத்திருக்காரு" என்றாள்.