மேனேஜரின் புது ஹார்ன்

கோத்தகிரியில் தேயிலை ஏற்றிய டீசல் லாரி பனிக்காலையில் கிளம்ப மறுத்தது. மேனேஜர் துரைசிங்கம் தொழிலாளர்கள் எல்லோர் முன்னாலும் டிரைவர் போஜனைப் பார்த்துக் கத்தினார்: "எஞ்சினைக் கெடுத்தவன் நீதான்! இனி அதுல கை வைக்காம இப்பவே கிளப்பு. முடியலன்னா வேலையை விட்டுப் போ!"

போஜன் பானெட்டைத் திறந்தான். குளிரில் எஞ்சினைச் சூடாக்கும் ஹீட்டரின் ஒயரை அறுத்து, நேற்று மேனேஜர் ஆசையாக மாட்டவைத்த புது ஹார்னில், அதை மாட்டியவர்கள் இணைத்திருந்தார்கள்.

"ஐயா, எஞ்சினைத் தொடமாட்டேனுங்க. உங்க ஹார்னைத் தொடலாமுங்களா?"

"தொட்டுப் பாரேன்!" என்று மறுபடி கத்தி மிரட்டினார் மேனேஜர்.

போஜன் அதையே அனுமதியாக எடுத்துக்கொண்டு ஹார்னிலிருந்து ஒயரைப் பிரித்து, எல்லோருக்கும் காட்டிவிட்டு, மீண்டும் ஹீட்டரோடு சேர்த்தான். சற்றுப் பொறுத்துச் சாவியைத் திருகினான். லாரி உறுமியது. கூட்டம் சிரித்தது.

"அப்போ என் ஹார்ன்?" என்றார் மேனேஜர், முகம் கறுத்து.

"நீங்க முன்சீட்டுல வாங்க ஐயா. அப்புறம் ஹார்ன் எதுக்குங்க?"