தண்ணி கேக்காத தோட்டம்

மூணாவது தெருவுக்குத் தண்ணி லாரி சாயங்காலம் நாலு மணிக்கு வரும். தவசிலிங்கத்தோட பேச்சு மூணரைக்கே வந்துரும். மனுசன் ரிட்டயர்டு பஸ் கண்டக்டர். முப்பத்திரண்டு வருஷம் அருப்புக்கோட்டை வண்டியில நின்னுக்கிட்டே பேசினவருக்கு, ரிட்டயர் ஆனதும் கால் ஓஞ்சுதே தவிர வாய் ஓயலை.

ஆனா அன்னைக்கு வாயையே திறக்கக் கூடாதுன்னு கங்கணம் கட்டிக்கிட்டுத்தான் ஆறு குடத்தோட வந்து வரிசையில நின்னார். காரணம் இருக்கு. வீடு கட்டினப்போ அவர் சம்சாரம் தமயந்தி, வீட்டைச் சுத்தி ரோஜா வேணும், புல்தரை வேணும்னு கேட்டாங்க. "செடிக்குப் பின்னாடி ஓட என்னால ஆகாது"ன்னு சொல்லிட்டு, இவர் பழைய ட்ரிப் ஷீட்டோட பின்பக்கம் பிளான் போட்டார். வாசலுக்கு ஜல்லி, ஓரத்துக்குக் கற்றாழை, மூலைக்கு ஒரு வேம்பு, அடுப்படி ஜன்னலுக்கு வெளியே முருங்கை. தண்ணி ஊத்த வேண்டாம், களை பிடுங்க வேண்டாம், நாற்காலியைப் போட்டு உக்காந்துக்கலாம். அந்தம்மா ஒண்ணே ஒண்ணு அடம்பிடிச்சு வாங்கினாங்க. பொறந்த வீட்டுல இருந்து கொண்டு வந்த மல்லிகைக்கொடி.

பத்து நாளைக்கு முன்னாடி தங்கச்சி மக கல்யாணத்துக்குக் கோயம்புத்தூர் போகும்போது, "மல்லிகைக்கு மட்டும் தினமும் தண்ணி ஊத்துங்க. அது வாடுச்சுன்னா நீங்க வாடிருவீங்க"ன்னு சொல்லிட்டுத்தான் பஸ் ஏறினாங்க. மனுசன் சுத்தமா மறந்துட்டார். அன்னைக்குக் காலையில பார்த்தா கொடி அப்பளம் மாதிரி சுருண்டு கிடக்கு. போர் மோட்டாரைப் போட்டா வெறும் காத்துதான் வருது. தமயந்தி மறுநாள் காலையில வர்றாங்க. தவசிலிங்கம் வீட்டுல இருந்த ஆறு குடத்தையும் எடுத்துக் கழுவி வச்சார்.

வரிசையைக் கவனிக்கிறது எதுத்த வீட்டு ஜெயக்கொடி. லாரித் தண்ணி குடிக்கவும் சமைக்கவும் மட்டும்தான். செடிக்கு ஊத்துறது தெரிஞ்சா, குடத்தை ஓரங்கட்டிருவா.

"அக்காதான் ஊர்ல இல்லையே அண்ணாச்சி. ஒத்தை ஆளுக்கு ஆறு குடம் எதுக்கு?"

"குடிக்கத்தான் தாயி. வெயில் என்ன போடு போடுது."

பின்னால நின்ன டெய்லர் செல்லப்பாண்டி சும்மா இருந்திருக்கலாம். "தோட்டத்துக்கா இருக்கும்"ன்னான்.

அம்புட்டுதான். அவரை என்ன வேணாலும் சொல்லலாம், அவர் போட்ட தோட்டத்தைச் சொன்னா பொறுக்க மாட்டார்.

"என் தோட்டத்துக்குத் தண்ணியா? ஏம்ப்பா, மூணு வருஷத்துல ஒரே ஒரு தடவை, பாவமேன்னு கற்றாழைக்கு ஒரு சொம்பு ஊத்தினேன். வாயில வச்சுப் பார்த்துட்டு, பழக்கமில்லைன்னு திருப்பித் துப்பிருச்சு. என் வேட்டியெல்லாம் ஈரம்."

"களை வராதாக்கும்?"ன்னான் செல்லப்பாண்டி.

"வந்துச்சே. கோரைப்புல்லு ஒருநாள் ஜல்லிக்குள்ள இருந்து தலையை நீட்டுச்சு. கற்றாழை சும்மா ஒரு பார்வைதான் பார்த்துச்சு. உள்ள போன கோரை மண்ணுக்குள்ளயே நடந்து உன் வீட்டுக் கொல்லையில வந்து ஏறிருச்சு. போன வாரம் உக்காந்து பிடுங்கிக்கிட்டு இருந்தியே, அது என் வீட்டுக் கோரைதான். நானே உன்கிட்ட சொல்லணும்னு இருந்தேன்."

வரிசையில சிரிப்பு கிளம்பிருச்சு. சிரிப்புச் சத்தம் கேட்டா அவருக்கு பிரேக் பிடிக்காது.

"வேப்பமரம் இலை கொட்டுமே அண்ணாச்சி, அதைக் கூட்ட வேண்டாமா?"ன்னு ஜெயக்கொடி கேட்டா.

"விசில் எதுக்கு வச்சிருக்கேன்? காலையில ரெண்டு விசில் கொடுப்பேன். காய்ஞ்ச இலையெல்லாம் ஒண்ணு பின்னாடி ஒண்ணா இறங்கி நேரா எருக்குழிக்குப் போயிரும். தள்ளுமுள்ளு கிடையாது. குழி நிறைஞ்சா ஒரு விசில். மிச்ச இலை அப்படியே நின்னுரும்."

"எங்க நிக்கும், மரத்துலயா?"

"இறங்கினது எப்படித் தாயி திரும்ப ஏறும்? அந்தரத்துலதான். மறுநாள் விசில் வர்ற வரைக்கும் அங்கேயே நிக்கும். காக்கா வந்து இடிச்சுட்டுப் போகும், அசையாது. இதாவது பரவாயில்லை, முருங்கையைப் பத்திச் சொன்னா நீங்க நம்பவே மாட்டீங்க."

"இதுவரைக்கும் சொன்னதை நம்பிட்டமாக்கும்"ன்னா ஜெயக்கொடி.

"பருப்பு வேகுற வாசனை வந்தாப் போதும், ஜன்னல் வழியா கிளை உள்ள வரும். காயை விரல் நீளத்துக்கு ஒடிச்சு, நார் உரிச்சு, குழம்புல போட்டுட்டுப் போயிரும். ஒருநாள் உப்புகூடப் பார்த்துச்சு."

"இவ்வளவும் தண்ணியில்லாமலா?"ன்னான் செல்லப்பாண்டி.

"தண்ணி அதுவே எடுத்துக்குதுப்பா. வேர் கிழக்க போய்க்கிட்டே இருந்துச்சு, ராமநாதபுரம் தாண்டிக் கடலுக்குள்ள இறங்கிருச்சு. அங்கேயே உப்பை வடிகட்டி நல்ல தண்ணியா அனுப்புது. காயை ஒடிச்சாக் குழாயைத் திறந்த மாதிரி கொட்டுது. நேத்து அதுலதான் குளிச்சேன். நான் சோப்புப் போட்டு முடிக்கிற வரைக்கும் கிளையைச் சாய்ச்சுப் பிடிச்சுக்கிட்டே நின்னுச்சு, பாவம். வடிகட்டின உப்பை அடுப்படியில கொட்டிருது. நாங்க உப்பு வாங்கி மூணு மாசமாச்சு."

லாரி வந்து நின்னுச்சு. ஜெயக்கொடி டியூப்பைக் கையில எடுத்தா.

"அண்ணாச்சி வீட்டு முருங்கையில நல்ல தண்ணியே கொட்டுதாம். அவர் குடம் ஆறையும் ஓரமா வைங்க. அடுத்த ஆள் வாங்க."

செல்லப்பாண்டி ரொம்ப ஆசையா ரெண்டு ரெண்டா தூக்கி ஓரத்துல வச்சான்.

தவசிலிங்கத்துக்கு முகம் செத்துப்போச்சு. உண்மையைச் சொன்னா மூணு வருஷப் பேச்சும் போச்சு, மானமும் போச்சு. சொல்லாட்டி மல்லிகை போச்சு. மல்லிகை போனா அப்புறம் என்னங்கிறதை நினைக்கவே அவருக்குப் பயமா இருந்துச்சு. ஒவ்வொரு வீட்டுக் குடமா நிறையுது. கடைசியா ஜெயக்கொடி தன் குடத்துக்கு டியூப்பைப் போட்டா. லாரியில தண்ணி அடியைத் தொட்டுக்கிட்டு இருக்கு.

"ஜெயக்கொடி, ஒரு விஷயம் சொல்ல மறந்துட்டேன் தாயி. இன்னைக்குக் காலையில இருந்து என் தோட்டம் ஸ்ட்ரைக்."

"ஸ்ட்ரைக்கா?"

"முழு ஸ்ட்ரைக். வேர் வேலைக்குப் போகலை. முருங்கை உள்ள எட்டிப் பார்க்கலை. தமயந்தியோட மல்லிகை தரையில படுத்து மறியல் பண்ணுது. எந்திரிக்க மாட்டேங்குது."

"கோரிக்கை என்னவாம்?"

தவசிலிங்கம் ஓரத்துல கிடந்த குடங்களைப் பார்த்தார். "ஒரே கோரிக்கைதான். தண்ணி கேக்குது."

வரிசையே சிரிப்பை அடக்க வாயைப் பொத்திக்கிச்சு. ஜெயக்கொடி மட்டும் சிரிக்கலை. "நிர்வாகத்துல இருந்து யாரும் பேச வரலையா அண்ணாச்சி?"

"வருது." அவர் ஒரு குடத்தை எடுத்து அவ பக்கம் நகர்த்தினார். "நாளைக்குக் காலையில அஞ்சரை மணி கோயம்புத்தூர் பஸ்ல வருது."

ஜெயக்கொடி டியூப்பைத் தன் குடத்துல இருந்து உருவி அவர் குடத்துல விட்டா.

"அப்போ ஆறு குடமும் பத்தாது அண்ணாச்சி. வீட்டுல அண்டா இருந்தா எடுத்துட்டு வாங்க."