செம்புக் குழாய்க்குள்ள போன காந்தம்

மாராக்காகிட்டத் தொழில் கத்துக்க வந்தவங்கள்லயே வயசானவங்க வசுந்தரா டீச்சர்தான். அக்காவுக்கு முப்பத்தாறு. டீச்சருக்கு அம்பத்திமூணு.

எங்க பட்டறை கோயமுத்தூர்ல, கணபதிப் பக்கம். எரிஞ்சுபோன மோட்டாரைப் பிரிச்சு, கருகின கம்பியை உருவிட்டு, புதுக் கம்பி சுத்திக் காயில் கட்டிக் குடுக்கறது எங்க வேலை. அக்கா படிச்சது எட்டாவது. ஆனா அது கட்டுன மோட்டாரு ஒண்ணாச்சும் திரும்பி வந்ததா சரித்திரமே கிடையாது. நான் ருக்கு. காயிலுக்கும் இரும்புக்கும் நடுவுல செருகற தடிப் பேப்பரை அளவா வெட்டித் தர்றவ. வாய் கொஞ்சம் நீளம்னு அக்கா திட்டும். அது உண்மைதான்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் டீச்சர் குடையும் கைப்பையுமா வந்து நின்னாங்க. குரல் கட்டியிருந்துச்சு. வாயில பனங்கல்கண்டு.

"நான் ப்ளஸ் டூவுக்கு பிசிக்ஸ் எடுக்கறேன்மா. இருவத்தாறு வருஷ சர்வீஸ். எனக்குக் காயில் கட்டக் கத்துக் குடுக்கணும்."

"எதுக்குங்க டீச்சர்?"

"ஒருத்தி வாயை அடைக்கணும்."

எனக்குச் சிரிப்பு பொத்துக்கிட்டு வந்துருச்சு. அக்கா சிரிக்கல. ஸ்டூலைத் துடைச்சு முன்னால தள்ளுச்சு.

"உக்காருங்க."

கம்பி சுத்தறப்ப வாய் சும்மா இருக்காது. அன்னைக்கே டீச்சர் எல்லாத்தையும் கொட்டிட்டாங்க. கிளாஸ்ல முப்பத்தெட்டுப் பொண்ணுக. அதுல ஒருத்தி பவதாரணி. காயிலுக்குள்ள காந்தத்தை நுழைச்சாக் கம்பியில மின்சாரம் வரும், வெளிய இழுத்தாலும் வரும், சும்மா வெச்சிருந்தா வராதுன்னு டீச்சர் போர்டுல படம் போட்டிருக்காங்க. இவ எந்திரிச்சுட்டா.

"காந்தம் கம்பியைத் தொடவே இல்லையே டீச்சர். அப்புறம் அது அசைஞ்சது கம்பிக்கு எப்படித் தெரியும்?"

"காந்தப் புலம் மாறுதில்ல, அதனால."

"புலம் மாறுனது எப்படித் தெரியும்?"

"புத்தகத்துல இருக்கு. எழுதிக்கோ."

"புத்தகத்துக்குத் தெரியுமுங்க. உங்களுக்குத் தெரியுங்களா டீச்சர்?"

கிளாஸே கொல்லுன்னு சிரிச்சிருக்கு. டீச்சர் அவளை வெளிய போகச் சொல்லிட்டாங்க. அன்னையிலிருந்து பிசிக்ஸ் பீரியட்னா அவளுக்கு வராந்தாதான். மன்னிப்பு எழுதிக் குடுன்னா, 'நான் கேட்டது தப்பில்லையே' ங்கறாளாம். ஹெட்மிஸ்ட்ரஸ் ஒரு மாசம் கெடு வெச்சிருந்தாங்க. அதுக்குள்ள அவ எழுதித் தரலைன்னா டீச்சர் புகார் லெட்டர் குடுக்கணும், அப்பனைக் கூப்பிட்டு டி.சி. குடுத்துருவாங்க. அப்பன் அதுக்குத்தான் காத்திருக்கான். திருப்பூர் பனியன் கம்பெனியில இடம் சொல்லி வெச்சாச்சாம்.

"நானும் கையால செஞ்சு பார்த்துட்டேன்னா பதில் கிடைச்சுரும்," ன்னாங்க டீச்சர். "அவ மூஞ்சிக்கு நேரா நின்னு சொல்லிட்டு, அப்புறம் லெட்டரைக் குடுப்பேன்."

"மத்த பொண்ணுக எப்படீங்க?" ன்னு அக்கா கேட்டுச்சு.

"தங்கம். முப்பத்தேழு பேரும் கப்சிப். சொன்னா எழுதிக்குவாங்க. எதிர்த்து ஒரு வார்த்தை கிடையாது."

"பாஸு எத்தனை பேருங்க?"

டீச்சர் கம்பியை நாலஞ்சு சுத்து சுத்துனதுக்கு அப்புறம்தான் வாயைத் திறந்தாங்க.

"காலாண்டுல பதினொண்ணு."

"அந்தப் புள்ள?"

"அவ அந்தப் பாடத்துக்கு விடையே எழுதலம்மா. கேள்விக்குக் கீழ இன்னொரு கேள்வி எழுதி வெச்சிருந்தா."

மாராக்கா குனிஞ்சுக்கிச்சு. அது சிரிச்சதை நான் பார்த்துட்டேன்.

வாரா வாரம் டீச்சர் வந்தாங்க. சும்மா சொல்லக் கூடாது, கை சுத்தம். ஒரு சுத்து மேல ஒரு சுத்து ஏறாது. கோலம் போட்ட மாதிரி இருக்கும். நானே அசந்துட்டேன். மூணாவது வாரம் அக்கா ஒரு மோட்டாரைத் தூக்கி அவங்க முன்னால வெச்சுச்சு. மிச்சக் காயிலெல்லாம் அக்கா கட்டி முடிச்சிருந்துச்சு. ஓட்டறதுக்கான பெரிய காயில் நாலு மட்டும் டீச்சர் கட்டி, அவங்களே சேர்க்கணும்.

கட்டுனாங்க. சேர்த்தாங்க. சுவிட்சைப் போட்டதும் மோட்டாரு "உம்ம்ம்" னு உறுமுச்சு. சுத்தல. அக்கா பட்டுன்னு அணைச்சுது.

"என்னம்மா தப்பு? எல்லாச் சுத்தும் எண்ணித்தானே போட்டேன்?"

அக்கா காயில்ல ஒரு பேட்டரியைக் கோத்து, திசைகாட்டியை டீச்சர் கையில குடுத்துச்சு. டீச்சர் அதை ஒவ்வொரு காயில் முன்னாலயும் கொண்டு போனாங்க. நாலு இடத்துலயும் முள்ளு ஒரே பக்கம் நின்னுச்சு.

"நாலும் வடக்கு," ன்னாங்க.

"ஏனுங்க அப்படிச் சேர்த்தீங்க?"

"எல்லாம் ஒரே பக்கம் பார்த்தாத்தானே பலம்?"

அக்கா மூணு சேர்ப்பையும் வெட்டுச்சு. கம்பி முடியற வாலோட வால், ஆரம்பிக்கற தலையோட தலைன்னு மாத்தி முறுக்குச்சு. இப்ப முள்ளு ஒரு காயிலுக்கு வடக்கு, அடுத்த காயிலுக்குத் தெற்குன்னு திரும்பித் திரும்பி நின்னுச்சு. சுவிட்சைப் போட்டதும் மோட்டாரு விர்ருன்னு சுத்துச்சு.

"பக்கத்துல இருக்கறது எதிராத்தானுங்க இருக்கோணும்," ன்னுட்டு அக்கா அடுத்த வேலைக்குப் போயிருச்சு. டீச்சர் அந்த வார்த்தையையும் நோட்டுல எழுதிக்கிட்டாங்க. எழுதாம ஒரு வார்த்தை கேக்க மாட்டாங்க அவங்க.

நாலாவது சனிக்கிழமை வந்தவங்க ஸ்டூல்ல உக்காரல.

"மாரா, காயில் கட்ட வந்துருச்சு. பதில் வரல. திங்கக்கிழமை காலையில அவ அப்பா வர்றாரு."

கைப்பையில இருந்து ஒரு காகிதத்தை எடுத்து மேஜை மேல வெச்சாங்க. நான் எட்டிப் பார்த்தேன். முத்து முத்தான கையெழுத்து. 'மேற்படி மாணவி தொடர்ந்து எதிர்த்துப் பேசி மற்ற மாணவிகளின் கல்விக்கு இடையூறாக இருப்பதால்' னு இருந்துச்சு. எனக்கு உள்ளுக்குள்ள பத்திக்கிட்டு வந்துச்சு. என்னைப் பனியன் கம்பெனிக்கு அனுப்புனப்ப எனக்கு வயசு பதினஞ்சு. எனக்காக ஒருத்தரும் வாயைத் திறக்கல. இவங்க என்னடான்னா, லெட்டரே எழுதிக் குடுக்கறாங்க.

"டீச்சர், அங்க பத்து மணி நேரம் நின்னுட்டே பனியன்ல தொங்கற நூல் பிசிறு வெட்டணுமுங்க," ன்னேன். "வெட்டறது சரியா இல்லைன்னாத் திட்டுவாங்க. சரியா இருந்தா இன்னொரு மூட்டை குடுப்பாங்க. அங்க ஒருத்தரும் கேள்வி கேக்க மாட்டாங்க. நல்லா அடங்கிருவா, கவலைப்படாதீங்க."

டீச்சர் மூஞ்சி செவந்துருச்சு. "நான் என்னம்மா பண்றது? முப்பத்தெட்டுப் பேரு முன்னால என் மானம் போச்சே!"

"ருக்கு," ன்னுச்சு அக்கா. "அந்த ஏசிக்காரன் விட்டுட்டுப் போன செம்புக் குழாய் ஒண்ணு கிடக்கும், எடு. டப்பாவுல இருக்கற உருண்டைக் காந்தத்தையும் கொண்டா."

முழங்கை நீளத்துக்கு நல்ல கனமான குழாய். காந்தம் நெல்லிக்காய் அளவு. அக்கா காந்தத்தைச் செம்பு மேல வெச்சுக் கையை எடுத்துச்சு. ஒட்டாம உருண்டு வந்துச்சு.

"செம்புல காந்தம் ஒட்டாது," ன்னாங்க டீச்சர். "ஆறாங்கிளாஸ் பாடம்மா இது."

"சரிங்க. அந்தப் பேப்பரைக் குழாயாட்டம் சுருட்டிப் புடிங்க."

டீச்சர் மேஜையைப் பார்த்தாங்க. அங்க இருந்த பேப்பர் அந்த லெட்டர் ஒண்ணுதான். ஒரு நொடி தயங்கி, அதையே எடுத்துச் சுருட்டி நிறுத்திப் புடிச்சாங்க. அக்கா மேல இருந்து காந்தத்தைப் போட்டுச்சு. டொக்குன்னு மர மேஜையில விழுந்துச்சு.

"இப்ப இதைப் புடிங்க."

செம்புக் குழாயைப் புடிச்சாங்க. அக்கா காந்தத்தை விட்டுச்சு. சத்தம் வரல. டீச்சர் அடியில பார்த்தாங்க, காணோம். மேல இருந்து உள்ள எட்டிப் பார்த்தாங்க.

"அய்யோ! அய்யய்யோ, மிதக்குது!"

அப்புறம்தான் அது மெதுவா வந்து கீழ இறங்குச்சு. டீச்சர் பொறுக்கி மறுபடியும் போட்டாங்க. மறுபடியும். ஏழெட்டுத் தடவை இருக்கும். கண்ணாடி மூக்குல சரிஞ்சு வந்ததைக்கூடக் கவனிக்கல. இருவத்தாறு வருஷமாப் பாடம் நடத்துனவங்க இதைக் கண்ணால பார்த்ததே இல்லைன்னு அப்பத்தான் எனக்குத் தெரிஞ்சுது. கோவமா இருந்த எனக்கே பாவமாப் போச்சு.

"செம்பு என்னங்க பண்ணுது?" ன்னு அக்கா கேட்டுச்சு.

"காந்தம் விழறப்ப அதுக்குள்ள மின்சாரம் உண்டாகுது. அந்த மின்சாரம் காந்தத்தை எதிர்க்குது. விழ விடாம எதிர்க்குது."

"பேப்பருங்க?"

"பேப்பர் எதிர்க்காது. அதுக்குள்ளதான் எதுவும் ஓடலையே. போட்டா அப்படியே வழி விட்டு..."

டீச்சர் நிறுத்திட்டாங்க. சுருட்டுன லெட்டர் மேஜை மேல பாதி விரிஞ்சு கிடந்துச்சு. அதையே பார்த்துட்டு இருந்தாங்க.

"முப்பத்தேழு பேரு," ன்னாங்க, யார்கிட்டன்னு இல்லாம.

 தெருவுல ஒரு வண்டி இரும்புச் சாமான் ஏத்திட்டுக் கடகடன்னு போச்சு. டீச்சர் இன்னொரு தடவை காந்தத்தைக் குழாய்க்குள்ள விட்டாங்க. விட்டுட்டுக் குழாய் மேல காதை வெச்சுக் கேட்டாங்க.

"ஆனா மாரா, சுவத்தைத் தொடாமலே இறங்குதே! தொடாம, இங்க ஒரு காந்தம் வருதுன்னு செம்புக்கு எப்படித் தெரியும்?"

சொல்லி முடிச்ச அப்புறம்தான் சொன்னது என்னன்னு அவங்க காதுலயே விழுந்துச்சு. வாயைப் பொத்திக்கிட்டாங்க. காந்தம் கீழ வந்து, மேஜையில உருண்டு, என் கத்தரிக்கோல்ல போய் ஒட்டிக்கிச்சு.

 அப்புறம் அந்த லெட்டரை எடுத்து என்கிட்ட நீட்டுனாங்க.

"ருக்கு, இது உன் வேலைக்கு ஆகுமா?"

நான் வாங்கி விரல்ல தடவிப் பார்த்தேன். "சாதாப் பேப்பருங்க டீச்சர். சூடு தாங்காது. எதுக்கும் ஆகாது."

"எதுக்கும் ஆகாதா?"

"ஆகாதுங்க."

"அப்பக் கிழிச்சுப் போட்டுரு."

நான் கிழிச்சேன். நாலா, எட்டா, பதினாறா. அளவா வெட்டிப் பழகுன கைக்கு அன்னைக்குத்தான் இஷ்டத்துக்குக் கிழிக்கற சொகம் கிடைச்சுது. கண்ணுல தண்ணி வந்துருச்சு எனக்கு. வார்னிஷ் நெடின்னு சொல்லிச் சமாளிச்சேன்.

டீச்சர் ஸ்டூல்ல உக்காந்தாங்க. 

"அப்பாகிட்ட நான் பேசிக்கறேன். ஹெட்மிஸ்ட்ரஸ்கிட்டயும் பேசிக்கறேன். வராந்தாவுல இருந்து அவளை உள்ள கூப்பிட்டுட்டு வந்துருவேன். அதுக்கு அப்புறம்? உள்ள வந்ததும் அதேதான் கேப்பா. நாலு வாரமாத் தேடியும் எனக்குத் தெரியலையே மாரா. முப்பத்தெட்டுப் பேரு முன்னால அவகிட்ட நான் என்னத்தச் சொல்றது?"

மாராக்கா கத்தரிக்கோல்ல இருந்து காந்தத்தைப் பிச்சு எடுத்துச்சு. குழாயையும் அதையும் பழைய நியூஸ் பேப்பர்ல சுத்தி, டீச்சர் பைக்குள்ள வெச்சு, ஜிப்பை இழுத்து மூடுச்சு.

"தெரியலைன்னு இப்பச் சொன்னீங்களே, அதையேதானுங்க டீச்சர் சொல்லோணும்."